வயிறும் மனமும்
(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் வாக்கு. உடல் சுவர் என்றும், உள்ளம் அதில் எழுதப்படும் சித்திரம் என்றும் நாம் பொருள் கொள்கிறோம். சுவரில் ஊறும் ஈரம் சித்திரத்தின் வண்ணத்தையே மாற்றிவிடும் அல்லவா? அதுபோல நம் வயிற்றில் நடப்பவை மனத்தின் நிறத்தை மாற்றுகின்றன. மனத்தில் நடப்பவையும் வயிற்றை மாற்றுகின்றன என்று இன்றைய அறிவியல் கூறுகிறது. இந்த இருவழிப் பாதையைப் பற்றி நான் படித்தறிந்தவற்றை என் அன்புத் தோழியரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதைப் படிக்க என்னைத் தூண்டியது புத்தகம் அன்று. காலாண்டுத் தேர்வில் கணக்குப் பரீட்சையன்று எனக்கு வந்த வயிற்றுவலிதான்.

கணக்குப் பரீட்சையும் வயிற்றுவலியும்

அன்று முதல் நாள் இரவு ஒரு மணி வரை கண் விழித்துப் படித்தேன். காலையில் அம்மா தட்டில் வைத்த இட்லியை ஒதுக்கிவிட்டு, ஒரு டம்ளர் காப்பி மட்டும் குடித்தேன். "ஏட்டி, வெறும் வயித்தோட பரீட்சைக்குப் போகாத. ரெண்டு வாய் பழையதாவது குடிச்சிட்டுப் போ" என்று ஆச்சி வாசல் வரை வந்து சொன்னார்கள். நான் காதில் வாங்கவில்லை. வினாத்தாளைக் கையில் வாங்கிய சற்று நேரத்தில் வயிறு பிசையத் தொடங்கியது. இரண்டு முறை எழுந்து வெளியே போய் வந்தேன். தெரிந்த ஐந்து மதிப்பெண் வினாக்கள் இரண்டை எழுத நேரமில்லாமல் போயிற்று.

மாலையில் வீட்டிற்கு வந்திருந்த உறவினர் ஒருவர், "பரீட்சைன்னாலே இவளுக்கு வயித்துவலி வந்திரும். எல்லாம் நடிப்பு" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சொல் வலியைவிட அதிகமாக வலித்தது. மறுநாள் அப்பா என்னை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அவர் பரிசோதித்துவிட்டு, வயிற்றில் நோய் ஒன்றும் இல்லை என்றார். நோய் இல்லை என்றால் வலி எங்கிருந்து வந்தது? உண்மையிலேயே நான் நடிக்கிறேனோ என்று எனக்கே ஐயம் வந்துவிட்டது. எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் கேட்டேன். "நோய் இல்லை என்றால் வலி இல்லை என்று பொருளல்ல. நரம்பு மண்டலம் பாடத்தை எடுத்துக்கொண்டு நூலகத்திற்குப் போ" என்றார்கள். அன்று தொடங்கியதுதான் இந்தத் தேடல்.

நம் மொழி அறிந்த உண்மை

முதலில் வியப்பளித்தது நம் தாய்மொழிதான். அச்சம் வந்தால் "வயிற்றில் புளியைக் கரைக்கிறது" என்கிறோம். பொறாமை வந்தால் "வயிற்றெரிச்சல்" என்கிறோம். நல்ல செய்தி கேட்டால் "வயிற்றில் பால் வார்த்தாய்" என்கிறோம். பிள்ளைக்குத் துன்பம் வந்தால் தாய் "பெற்ற வயிறு பற்றி எரிகிறதே" என்று அழுகிறாள். அச்சமும் பொறாமையும் ஆறுதலும் துயரமும் ஆகிய நான்கையும் தமிழர் வயிற்றில் வைத்துப் பேசியிருக்கிறார்கள். பெயரிலேயே புளியைக் கொண்ட நம் புளியங்குடியில் பிறந்த நமக்கு, வயிற்றில் புளி கரைவதைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை!

வயிற்றின் ஜன்னல் வழியே

இதை அறிவியல் கண்ணால் கண்டவர் வில்லியம் போமன்ட் என்னும் அமெரிக்க இராணுவ மருத்துவர். 1822ஆம் ஆண்டு ஜூன் 6 அன்று மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடா நாட்டு இளைஞரின் வயிற்றில் தவறுதலாகத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. பிழைக்கமாட்டார் என்று கருதப்பட்டவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இரைப்பையில் ஏற்பட்ட துளை மூடவே இல்லை. போமன்ட் அத்துளை வழியே, பட்டுநூலில் கட்டிய உணவுத் துண்டுகளை உள்ளே இறக்கி, அவை எவ்வளவு நேரத்தில் செரிக்கின்றன என்று பார்த்தார். 1833இல் அவர் வெளியிட்ட நூலில் 200க்கும் மேற்பட்ட சோதனைகள் உள்ளன. செயின்ட் மார்ட்டின் சினம் கொண்ட வேளைகளில் செரிமானம் கெடுவதை அவர் அப்போதே குறித்துவைத்தார்.

சோதனைப் பொருளாக்கப்பட்ட அந்த ஏழை இளைஞருக்குச் சினம் வந்ததில் வியப்பில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆயினும் மனத்திற்கும் வயிற்றிற்கும் உள்ள உறவை உலகம் நேரில் கண்டது அவரால்தான்.

பத்தாவது நரம்பு

நம் மூளையிலிருந்து 12 இணைக் கபால நரம்புகள் புறப்படுகின்றன என்று பாடத்தில் படித்திருக்கிறோம். அவற்றுள் பத்தாவது வேகஸ் நரம்பு. அது கழுத்து வழியே இறங்கி, இதயத்தையும் நுரையீரலையும் தொட்டுக் குடல் வரை செல்கிறது. மூளை கட்டளையிடுகிறது, வயிறு கீழ்ப்படிகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மை வேறு. வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, உறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்பவை. நம் வயிறு சொல்வதை மூளை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது!

குடலின் சுவரிலேயே 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பு செல்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. மூளையிலிருந்து வரும் நரம்புகளைத் துண்டித்துவிட்டாலும் குடல் தானே அசைந்து உணவைத் தள்ளும் என்பதை இங்கிலாந்தின் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இரு விஞ்ஞானிகள் 1899இல் காட்டினார்கள். இதனால்தான் மைக்கேல் கெர்ஷான் என்ற அமெரிக்க அறிஞர் குடலை "இரண்டாவது மூளை" என்று அழைத்து 1998இல் ஒரு நூலே எழுதினார்.

இனி என் கணக்குப் பரீட்சைக்கு வருகிறேன். அச்சம் தோன்றியதும் மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் ஓர் அவசரச் செய்தியை அனுப்புகிறது. அட்ரினலின், கார்டிசோல் ஆகிய ஹார்மோன்கள் சுரக்கின்றன. புலியைக் கண்டு ஓடுபவனுக்குக் கால்களில்தான் இரத்தம் வேண்டும். சோறு செரிப்பது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே இரைப்பையின் வேலை மெதுவாகிறது; பெருங்குடலின் அசைவோ விரைவாகிறது. அதனால்தான் மேலே தொண்டை வரை அடைப்பது போலவும், கீழே ஓட வேண்டும் போலவும் இருக்கிறது. மேலும் அச்சத்தில் குடலின் நரம்புகள் கூர்மையடைவதால், சாதாரண அசைவுகூட வலியாகத் தெரிகிறது. உடம்புக்குப் புலிக்கும் வினாத்தாளுக்கும் வேறுபாடு தெரியாது!

இதைப் படித்து முடித்தபோது என் கண்கள் கலங்கிவிட்டன. நான் நடிக்கவில்லை. வலி மெய், அதன் தொடக்கம் மட்டும் வேறிடத்தில்.

நமக்குள் வாழும் குடிமக்கள்

நம் பெருங்குடலில் எண்ணற்ற பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நம் செல்களைவிட அவை பத்து மடங்கு என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். 2016இல் இஸ்ரேலிய விஞ்ஞானிகள் மீண்டும் கணக்கிட்டார்கள். நம் உடலில் செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி. அவை அனைத்தின் எடையும் ஏறத்தாழ 200 கிராம்தான்.

இவை நம்மிடம் சோறு வாங்கிக்கொண்டு நமக்கு வேலை செய்கின்றன. நம்மால் செரிக்க முடியாத நார்ப்பொருளையும் சிலவகை மாவுப்பொருளையும் இவை புளிக்கச் செய்து, குறுங்கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு அவற்றுள் ஒன்றான பியூட்டிரிக் அமிலமே முதன்மை உணவு. உட்சுவர் உறுதியாக இருந்தால் அழற்சி குறைகிறது.

இக்குடிமக்களுக்கும் மனத்திற்கும் தொடர்பு உண்டா? 2004இல் ஜப்பானில் சுதோ என்பவரும் அவர் குழுவினரும் பாக்டீரியாவே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளைச் சோதித்தார்கள். அவற்றைச் சிறிது நேரம் அசையவிடாமல் அடைத்தபோது, மற்ற எலிகளைவிட அவற்றின் உடலில் பதற்ற ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரந்தன. இளம் வயதிலேயே ஒருவகை நல்ல பாக்டீரியாவைக் கொடுத்ததும் அந்த மிகுதி தணிந்தது. 2019இல் பெல்ஜியம் நாட்டில் ஆயிரத்திற்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தபோது, மனச்சோர்வு உள்ளவர்களின் குடலில் குறிப்பிட்ட இருவகை பாக்டீரியாக்கள் குறைவாக இருந்தன. ஆனால் பாக்டீரியா குறைந்ததால் சோர்வு வந்ததா, சோர்வால் சரியாக உண்ணாமல் பாக்டீரியா குறைந்ததா என்பதை அந்த ஆய்வு மட்டும் கொண்டு தீர்மானிக்க இயலாது.

எச்சரிக்கையாக நம்ப வேண்டியவை

செரட்டோனின் என்ற பொருளை "மகிழ்ச்சிப் பொருள்" என்று பலர் கூறுவர். நம் உடலிலுள்ள செரட்டோனினில் 90 விழுக்காட்டிற்கும் மேல் குடலில்தான் உண்டாகிறது. இதைக் கேட்டவுடன், இதைத் தின்றால் மகிழ்ச்சி, அதைத் தின்றால் மகிழ்ச்சி என்று சிலர் சொல்லக் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் குடலில் உண்டாகும் செரட்டோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது. இடையே ஒரு தடுப்பு அரண் இருக்கிறது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. குடலின் செரட்டோனின் குடலை அசைப்பதற்கும், நரம்பின் வழியே செய்தி அனுப்புவதற்கும் பயன்படுகிறது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். 2011இல் அயர்லாந்து விஞ்ஞானிகள் எலிகளுக்கு ஒருவகை லாக்டோபாசில்லஸ் பாக்டீரியாவைக் கொடுத்தபோது, அவற்றின் பதற்றம் குறைந்தது. வேகஸ் நரம்பை வெட்டிவிட்டால் அந்தப் பயன் மறைந்தது. உலகமே மகிழ்ந்தது. ஆனால் அதே பாக்டீரியாவை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, பயன் தெரியவில்லை என்று 2017இல் அவர்களே வெளியிட்டார்கள். தம் மகிழ்ச்சிக்கு மாறானதையும் மறைக்காமல் எழுதிய அந்த நேர்மை என்னைக் கவர்ந்தது. எலிக்கு உண்மையானது எல்லாம் எனக்கு உண்மையாகிவிடாது.

உணவால் பயனே இல்லையா என்றால், உண்டு. ஆஸ்திரேலியாவில் பெலிஸ் ஜாக்கா என்னும் பெண் அறிஞர், மனச்சோர்வு கொண்ட 67 பேரை இரு பிரிவாக்கி 12 வாரங்கள் ஆராய்ந்தார். ஒரு பிரிவினருக்குக் காய்கறி, பருப்பு, முழுத்தானியம், மீன் ஆகியவை மிகுந்த உணவை உண்ணப் பழக்கினார்கள். மற்றொரு பிரிவினரோடு நட்பாகப் பேசி மட்டும் வந்தார்கள். முடிவில், முதற்பிரிவில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினரும், மற்றதில் 8 விழுக்காட்டினரும் சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். 2017இல் வெளியான இவ்வாய்வு சிறியது; அதில் பலர் மருந்தோ ஆலோசனையோ ஏற்கெனவே பெற்று வந்தவர்கள். ஆகவே உணவு மருத்துவத்திற்குத் துணை. மருத்துவத்திற்கு மாற்று அன்று.

ஆச்சியின் பழையது

இனி நம் அடுக்களைக்கு வருவோம். ஆச்சி இரவில் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் மூடிவைப்பார்கள். காலையில் அதை உப்பிட்டுக் கரைத்து, மோர் விட்டு, உரித்த சின்ன வெங்காயத்தோடு தருவார்கள். நம் ஊரில் எலுமிச்சைக்குப் பஞ்சமில்லை. தொட்டுக்கொள்ள ஊறுகாய் இருக்கும். நான் அதை நாகரிகக் குறைவு என்று நினைத்து வந்தேன். இப்போது அந்தச் சட்டிக்குள் ஓர் ஆய்வுக்கூடமே இருப்பதாகத் தெரிகிறது.

சூடான சோறு ஆறும்போது அதிலுள்ள மாவுப்பொருளில் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காத வகையாக மாறுகிறது. அது பெருங்குடலுக்குப் போய் நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. இரவெல்லாம் ஊறும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. மோரிலும் அவை உயிரோடு உள்ளன. வெங்காயத்திலுள்ள ஒருவகை நார்ப்பொருள் அவற்றுக்குப் பிடித்த தீனி. இட்லி மாவைப் புளிக்க வைப்பவையும் பாக்டீரியாக்களே. ஆவியில் வேகும்போது அவை இறந்துவிட்டாலும், அவை செய்துவைத்த வேலையால் இட்லி எளிதில் செரிக்கிறது.

செரிக்காத மாவுப்பொருளின் ஆற்றலை நம் தமிழ்நாட்டு மருத்துவர்களே உலகிற்குக் காட்டியிருக்கிறார்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். இராமகிருஷ்ணாவும் அவர் குழுவினரும், காலரா நோயாளிகளுக்குத் தரும் உப்புச் சர்க்கரைக் கரைசலில் செரிமானத்திற்கு எளிதில் உட்படாத மக்காச்சோள மாவைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதை அமிலமாக்க, அந்த அமிலம் உப்பையும் நீரையும் உடல் உறிஞ்சிக்கொள்ளத் துணைசெய்தது. வயிற்றுப்போக்கு விரைவில் நின்றது. 2000ஆம் ஆண்டு இது உலகப் புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளியாயிற்று. பெருங்குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு உதவுமா என்ற ஆராய்ச்சியைச் சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மேற்கொண்டது. ஆச்சியின் மண்சட்டி ஆய்வுக்கூடத்திற்குப் போய்விட்டது!

ஒன்றை மறக்கலாகாது. சட்டியும் தண்ணீரும் கையும் தூய்மையாக இருக்க வேண்டும். இல்லையேல் நல்லவற்றோடு கெட்டவையும் பெருகும். ஊறுகாயில் உப்பு அதிகம், தொட்டுக்கொள்ளத்தான் அது.

முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பவனுக்கு மருந்தே வேண்டாம் என்ற கருத்தை வள்ளுவப் பெருந்தகை "மருந்து" என்னும் அதிகாரத்தில் வைத்தார். மருந்தைப் பற்றிய அதிகாரத்தில் உணவைப் பற்றியே பேசியது எவ்வளவு பொருத்தம்!

நாம் செய்யக்கூடியவை

நான் நான்கு வாரங்கள் ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். காலையில் என்ன உண்டேன், எத்தனை மணிக்கு உறங்கினேன், மனம் எப்படி இருந்தது என்று எழுதினேன். காலை உணவை விட்ட நாட்களில்தான் தம்பியை அதிகம் திட்டியிருந்தேன். ஆனால் அதே நாட்களில் இரவில் நெடுநேரம் விழித்தும் இருந்தேன். ஆகவே குற்றம் பசியுடையதா, தூக்கமின்மையுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டையும் திருத்திக்கொண்டேன்.

தோழியரே, நீங்களும் இவற்றைச் செய்து பாருங்கள்.

1. காலையில் வெறும் வயிற்றோடு வராதீர்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தால் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் பள்ளியிலேயே உண்டு படிக்கிறார்கள். பத்தாம் வகுப்பு மாணவியை யார் மடியில் வைத்து ஊட்டுவார்கள்?

2. கீரை, பயறு, காய், பழம், கேழ்வரகு, மோர் ஆகியவற்றை மாற்றி மாற்றி உண்ணுங்கள். பரீட்சையன்று காப்பியைக் குறையுங்கள். அது படபடப்பைக் கூட்டும்.

3. நீர் அருந்துங்கள். கழிப்பறைக்குப் போக வேண்டி வருமே என்று அஞ்சி, காலை முதல் மாலை வரை தண்ணீரே குடிக்காத பெண்பிள்ளைகள் பலர். மலச்சிக்கலும் வயிறு உப்பலும் தலைவலியும் வந்து, காரணம் தெரியாமல் எரிந்து விழுகிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தூய்மையான கழிப்பறை கேட்பது நம் உரிமை. அதைத் தூய்மையாக விட்டுவருவது நம் கடமை.

4. வயிறு கலங்கினால் மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். மூச்சை விடும்போது வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைத் தணிக்கிறது.

5. வயிற்றுவலியோடு எடை குறைதல், காய்ச்சல், மலத்தில் இரத்தம் ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். எல்லா வலியும் அச்சத்தால் வருவதன்று.

6. துயரம் பல நாட்கள் நீங்காமல், உணவும் உறக்கமும் வேண்டாமல் போனால் மனத்திற்குள் புதைக்காதீர்கள். அம்மாவிடமோ ஆசிரியையிடமோ சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவியை இலவசமாகப் பெறலாம். மோர் குடித்தால் போய்விடும் என்று யாரும் அதை ஒதுக்கக் கூடாது.

முடிவுரை

அரையாண்டுத் தேர்வில் கணக்குப் பரீட்சையன்று காலையில் ஆச்சி கையால் பழையது குடித்துவிட்டுப் போனேன். அச்சம் வராமல் இல்லை. வயிறு சற்றே கலங்கத்தான் செய்தது. ஆனால் "இது என் பத்தாவது நரம்பு பேசுகிறது" என்று எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டு முறை மெதுவாக மூச்சு விட்டேன். எழுந்து வெளியே போகாமல் எல்லா வினாக்களையும் எழுதி முடித்தேன். மதிப்பெண் சற்றுக் கூடியது. அதைவிடப் பெரிது, என்னை நானே பொய்யள் என்று எண்ணுவதை நிறுத்தியதுதான்.

பொதுத்தேர்வு நெருங்குகிறது. உங்கள் அருகில் அமர்ந்திருக்கும் ஒருத்தி "வயிறு வலிக்கிறது" என்று சொன்னால், தயவுசெய்து சிரிக்காதீர்கள். "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். பிறகு "என்ன பயம்?" என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விகளும் அவள் வயிற்றில் பால் வார்க்கும்.